மஞ்சள் அட்டை தந்த மாமனிதர்!

உங்கள் மாமாவோ, சித்தப்பாவோ வேலைக்காக ஆப்பிரிக்க நாடான கென்யாவுக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். பாஸ்போர்ட் தயார், விசா தயார், விமான டிக்கெட்டும் தயார். ஆனால், சின்னதாக ஒரு மஞ்சள் நிற அட்டை இல்லை என்றால் அவருக்குச் சிக்கல் தான்! மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக் கொண்டதற்கான சான்றிதழ் அது. அந்தத் தடுப்பூசியை உலகுக்குத் தந்தவர் யார் தெரியுமா? அவர் பெயர், மேக்ஸ் தெய்லர்.

தென் ஆப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில், 1899ம் ஆண்டு, ஜனவரி 30ம் தேதி பிறந்தார் தெய்லர். அப்பா ஆர்னால்டு தெய்லர், சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானி. அப்பாவைப் பார்த்தே நோய்களைப் பற்றி ஆராயும் ஆசை மகனுக்கும் வந்தது. லண்டனில் மருத்துவம் படித்தார். 1922ல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பணியில் சேர்ந்தார்.

அந்த நாட்களில் உலகையே நடுங்க வைத்த நோய், மஞ்சள் காய்ச்சல். நம் ஊர் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. ஏடிஸ் என்ற கொசு கடிப்பதால் வரும் வைரஸ் காய்ச்சல் இது. முதலில் காய்ச்சல், தலைவலி, வாந்தி. சிலருக்கு நோய் முற்றி, கல்லீரல் கெட்டு, உடல் மஞ்சளாகும்; உயிரும் போகும். 1793ல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மட்டும் சுமார் 5,000 பேர் இதற்குப் பலியாயினர். ஆப்பிரிக்காவில் இருந்த இந்த நோய், அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களில் அமெரிக்கக் கண்டத்துக்குப் போனது. ஆம்... மனிதன் பயணம் போனால், நோயும் கூடவே டிக்கெட் இல்லாமல் பயணம் போகும்!

கடந்த 1927ல், இன்றைய கானா நாட்டில், அசிபி என்ற இளைஞருக்கு மஞ்சள் காய்ச்சல் வந்தது. அவர் பிழைத்துக் கொண்டார். அவரது ரத்தத்தை, இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட ரீசஸ் இனக் குரங்குக்குச் செலுத்தி, வைரசைப் பிரித்து எடுத்தனர் விஞ்ஞானிகள். அந்தக் குழுவில் இருந்த அட்ரியன் ஸ்டோக்ஸ், அதே ஆண்டில் அதே நோய் தாக்கி இறந்தார். மறு ஆண்டு, ஜப்பான் விஞ்ஞானி நொகுச்சியும் ஆப்பிரிக்காவில் இறந்தார். அவர் உடலைப் பரிசோதித்த டாக்டர் யங்கும் பத்து நாட்களுக்குள் இறந்து போனார். எவ்வளவு ஆபத்தான ஆராய்ச்சி பாருங்கள்!

தெய்லர் பின்வாங்கவில்லை. குரங்குகளின் விலை அதிகம். அதனால் சுண்டெலிகளைப் பயன்படுத்திப் பார்த்தார். வைரசைச் சுண்டெலியின் மூளையில் செலுத்தியபோது, நோய் வந்தது. இனி, ஆராய்ச்சியைக் குறைந்த செலவில், வேகமாகச் செய்யலாம்! இந்த வேலையின் நடுவே, 1929ல், தெய்லரையே மஞ்சள் காய்ச்சல் பிடித்துக் கொண்டது. நல்லவேளை, பிழைத்து எழுந்தார். மீண்டும் எங்கே போனார் தெரியுமா? நேராக ஆய்வுக் கூடத்துக்குத் தான்!

கடந்த 1930ல், நியூயார்க்கில் இருந்த ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக் கூடத்தில் சேர்ந்தார். எலியின் மூளையில் வளர்ந்த வைரஸ், கல்லீரலைத் தாக்கும் வலிமையை இழந்தது. ஆனால், மூளைக்கு ஆபத்தாக இருந்தது. எனவே, அசிபியின் உடலிலிருந்து எடுத்த வைரசைக் கோழிக் கருவின் திசுவில் வளர்த்தார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என, நூறு முறைக்கும் மேல் மாற்றி மாற்றி வளர்க்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில், வைரஸ் தன் கொடூரத்தை இழந்து சாதுவாகிப் போனது. நோயை உண்டாக்காமல், எதிர்ப்புச் சக்தியை மட்டும் உண்டாக்கியது. '17டி' என்று பெயரிடப்பட்ட அந்தத் தடுப்பு மருந்து பற்றி, 1937ல், தெய்லரும், ஹக் ஸ்மித்தும் உலகுக்கு அறிவித்தனர்.

பிரேசில் நாட்டில் லட்சக்கணக்கானோருக்கு ஊசி போடப்பட்டது. 1942ல் ஒரு சோதனை வந்தது. ஊசி போட்டுக் கொண்ட அமெரிக்க ராணுவ வீரர்கள் பல்லாயிரம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. மருந்தில் கலந்திருந்த மனித ரத்தத்தின் சீரம் தான் காரணம் என்று கண்டுபிடித்து, அதை நீக்கி விட்டனர். தவறை மறைக்காமல் திருத்தியதால், மருந்து பிழைத்தது. 1940 முதல் 1947 வரை, 2 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமான டோஸ் தயாரித்து, இலவசமாகவே வழங்கியது ராக்பெல்லர் அறக்கட்டளை.

தெய்லருக்கு 1951ல், மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களில் முதன்முதலில் நோபல் பரிசு பெற்றவர் அவரே! அதன் பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. ஓய்வு நேரத்தில் அவருக்குப் பிடித்தது, பேஸ்பால் பார்ப்பது. 1972ம் ஆண்டு, ஆகஸ்ட் 11ம் தேதி மறைந்தார். இன்றும் போடப்படுவது, அதே '17டி' வம்சத்துத் தடுப்பூசி தான்.

குட்டீஸ்... இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால், டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு இங்கே ஏராளம். நோயோடு ஒருவர் வந்தால் போதும். கொசு மற்ற வேலையைப் பார்த்துக் கொள்ளும். அதனால் தான், நோய் உள்ள நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருபவர்களை, ஆறு நாட்கள் வரை தனிமையில் வைக்கின்றனர். ஊசி போட்டு, 10 நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லும். எனவே, கடைசி நேரத்தில் ஓடக் கூடாது. 2016 முதல், ஒருமுறை போட்டுக் கொண்டால் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில், கிண்டி கிங் நோய்த் தடுப்பு ஆய்வு நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், டாக்டரிடம் முன்பே சொல்லி விட வேண்டும்.

வெளிநாடு போகும் உறவினர் யாராவது பெட்டி அடுக்கினால், மஞ்சள் அட்டை தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால், அந்த அட்டைக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களின் கதையையும் அவருக்குச் சொல்லுங்கள். சரிதானே, செல்லங்களே!