அரை அடிக் கண்ணாடிக் குழாய்

வெள்ளக்கடைப் பக்கம் மார்கழி ராத்திரியில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் முதல்ல என்ன செய்வீங்க? நெத்தியில புறங்கையை வைப்பீங்க. குளிர்ல விறைச்ச கைக்கு எந்த நெத்தியும் சுடத்தான் செய்யும். அந்தக் கையை நம்பி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போறதா, விடியும்வரை பொறுக்கிறதான்னு முடிவு பண்ண முடியுமா? ஒரு எண் வேணும். அந்த எண்ணை நம்ம கைக்கு எட்ட வைத்தவர் தாமஸ் கிளிஃபோர்டு ஆல்பட்.

1836-ல் இங்கிலாந்தின் டியூஸ்பரியில் பிறந்தவர். அப்பா பாதிரியார். கேம்பிரிட்ஜில் படித்து, பாரிஸில் பயிற்சி பெற்று, லீட்ஸ் நகரில் மருத்துவரானார். அங்கே டைபஸ் காய்ச்சல் பரவியபோது ஜன்னல்களைத் திறந்து வைத்து, நோயாளிகளுக்கு நல்ல காற்று கிடைக்கச் செய்தவர்.

அப்போதே ஜெர்மனியில் வுண்டர்லிச் என்ற மருத்துவர் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் வெப்பநிலையை அளந்து குறித்து வந்தார். ஆனால் கருவி? ஏறக்குறைய ஒரு அடி நீளம். அக்குளில் 20 நிமிஷம் வைக்கணும். அழுகிற குழந்தையை 20 நிமிஷம் அசையாம பிடிச்சுப் பாருங்க, தெரியும்!

1866 வாக்கில் ஆல்பட் அதை ஆறு அங்குலமாகச் சுருக்கினார். நேரமும் ஐந்து நிமிஷமாகக் குறைந்தது. பாதரசம் குறைவு என்றால் அதைச் சூடாக்க வெப்பமும் குறைவாகப் போதும். ஹீட் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வச்சிருக்கவங்களுக்கும் இது புரியும். சட்டைப் பையில் அடங்கியதால் தெர்மாமீட்டர் மருத்துவரோடு வீடு வீடாகப் போனது. பிறகு வீட்டு அலமாரிக்கே வந்துவிட்டது.

1892-ல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர், 1907-ல் சர் பட்டம். 1925-ல், 88 வயதில் காலமானார்.

இப்போ பாதரசம் போய் டிஜிட்டல் வந்தாச்சு. உள்ளே இருப்பது நம்ம லேப்ல பார்க்கிற தெர்மிஸ்டர்தான். அக்குளில் ஈரம் இருந்தால் துடைச்சிட்டு, முனையை நடுவுல வச்சு, பீப் வரும்வரை கையை உடம்போடு சேர்த்துப் பிடிங்க. கம்பளியிலிருந்து எடுத்த உடனே அளக்காதீங்க, கொஞ்ச நேரம் விடுங்க. அக்குள் அளவு உள் உடம்பு வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட் தொட்டுட்டா விடியக் காத்திருக்காதீங்க, உடனே வண்டியைக் கூப்பிடுங்க. அளந்த மணியையும் எண்ணையும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, டாக்டர் முதல்ல அதைத்தான் கேட்பார்.