இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார்: கொடையும் கல்வித் தன்னாட்சியும்

முன்னுரை

புரவலர்க்கும் புலவர்க்கும் உள்ள உறவு தமிழ் இலக்கிய வரலாற்றின் பழம்பொருள்களுள் ஒன்று. அதியமான் தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. அவருக்குப் பரிசிலின் அளவு பொருட்டாகவில்லை. கொடுத்த முறையில் தம் புலமை மதிக்கப்பட்டதா என்பதே அவர் எழுப்பிய வினா. இருபதாம் நூற்றாண்டில் கல்விக் கொடை சட்டத்தின் வடிவம் பெற்றபோது, இவ்வினா பல்கலைக்கழகத்தை நோக்கியும் எழுந்தது. கொடையாளர்க்குரிய உரிமைகள் எவை, ஆய்வாளர்க்குரிய உரிமைகள் எவை என்பதை இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் வாழ்க்கைவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

வணிகமும் அறமும்

அண்ணாமலைச் செட்டியார் 1881 செப்டம்பர் 30ஆம் நாள் செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் பிறந்தார். பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் நகரத்தார் நடத்திய வட்டித்தொழிலும் வங்கித்தொழிலுமே அவருடைய செல்வத்தின் பின்புலம். வருவாயில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிக் கோயில் திருப்பணிக்கும் கல்விக்கும் செலவிடுதல் அவர் பிறந்த மரபின் வழக்கம். அவர் அவ்வழக்கைக் கோயிலிலிருந்து கல்லூரிக்கு விரித்தார். 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதனைத் தொடர்ந்து அங்கு உருவான மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை 1924 முதல் 1927 வரை உ.வே. சாமிநாதையர் வகித்தார். ஆங்கில அரசு 1923இல் செட்டியாருக்குச் சர் பட்டமும் 1929இல் இராஜா பட்டமும் வழங்கியது.

சட்டமாகிய கொடை

செட்டியார் தாம் நிறுவிய கல்லூரிகளையும் 20 இலட்சம் ரூபாயையும் அளித்ததன் பயனாக, 1928ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. சென்னை மாகாண ஆளுநர் அதன் வேந்தரானார். நிறுவனரும் அவருக்குப்பின் அவர் வழியினரும் இணைவேந்தராவர் என்று சட்டம் வகுத்தது. துணைவேந்தரை வேந்தர் நியமிப்பார். ஆயினும் நிறுவனர் பரிந்துரைக்கும் மூவர் பட்டியலிலிருந்தே அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். நிதியைக் கொடுத்தவுடன் கொடையாளரின் பங்கு முடிந்துவிடவில்லை. தலைமையைத் தேர்வதில் அது பிறப்புரிமையாக நிலைபெற்றது.

செட்டியார் காலத்து நியமனங்களை நோக்கின், இவ்வுரிமை ஒரே அணியினர்க்கு மட்டும் பயன்பட்டதாகக் கூற இயலாது. முதல் துணைவேந்தர் எஸ்.இ. இரங்கநாதன். அவரையடுத்து 1935இல் மிதவாதத் தலைவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியும், 1940இல் நீதிக்கட்சியைச் சார்ந்த கே.வி. ரெட்டி நாயுடுவும் பொறுப்பேற்றனர். தமிழ்த்துறையில் 1931இல் விபுலாநந்த அடிகளும், 1933இல் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பேராசிரியராயினர். பாரதியார் கட்டாய இந்திக்கு எதிரான கிளர்ச்சியின் முன்னணியில் நின்றவர். ஆயினும் இதனைக் கல்வித் தன்னாட்சிக்கு முழுச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. செட்டியாரின் மகன் முத்தையச் செட்டியாரும் நீதிக்கட்சியைச் சார்ந்தவரே. கொடையாளர் தரப்பும் பேராசிரியரும் ஒரு திசையில் நின்ற இடத்தில் தன்னாட்சி சோதனைக்கு உள்ளாவதில்லை.

தமிழிசை: விருப்பமும் ஆய்வும்

கொடையாளரின் விருப்பம் ஒரு புலத்தின் போக்கையே மாற்றியதைத் தமிழிசை இயக்கம் காட்டுகிறது. கச்சேரி மேடைகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்கள் மேலோங்கியிருந்த சூழலில், தமிழ்ப் பாடல்களுக்கு முதன்மை வேண்டும் எனச் செட்டியார் வலியுறுத்தினார். 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியது. சென்னை மியூசிக் அகாடமி வட்டாரம் இதனை எதிர்த்தது. இசைக்கு மொழி அளவுகோல் ஆகாது என்பது அவர்தம் வாதம். இராஜாஜி, கல்கி, டி.கே.சி. ஆகியோர் செட்டியார் பக்கம் நின்றனர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைத் தொகுதிகளாகச் சுரக்குறிப்புடன் வெளியிட்டது.

இதன் பயனைத் தமிழுலகம் இன்றும் துய்க்கிறது. எனினும் ஆய்வுநெறி சார்ந்து ஒன்றைப் பிரித்துணர்தல் வேண்டும். எப்புலத்திற்கு நிதி வேண்டும் என்று கொடையாளர் கூறுவது வேறு. அப்புலத்தில் எம்முடிவு எட்டப்பட வேண்டும் என்று கூறுவது வேறு. தமிழிசைக்குக் கிட்டிய ஆதரவு முன்னதற்குச் சான்று. அது பண்ணாராய்ச்சிக்கு வாயில் திறந்தது; பண்ணின் இலக்கணத்தை வரையறுப்பது புலமையாளர் கையிலேயே இருந்தது. அதே வேளையில், கொடையாளர் விரும்பாத புலம் எது, அது பெறாத நிதி எவ்வளவு என்பன எந்த ஆவணத்திலும் வெளிப்படையாக எழுதப்படுவதில்லை. கொடையின் செல்வாக்கை அளப்பதில் உள்ள இடர்ப்பாடு இதுவே.

மறைவுக்குப் பின்

செட்டியார் 1948 ஜூன் 15ஆம் நாள் மறைந்தார். இணைவேந்தர் பதவி சட்டப்படி மகனுக்கும், பின்னர் அவர்தம் வழியினர்க்கும் சென்றது. இவ்வமைப்பு 2013 வரை நீடித்தது. பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளான நிலையில், தமிழ்நாடு அரசு அவ்வாண்டு புதிய சட்டம் இயற்றி நிருவாகத்தை ஏற்றது. நிறுவனர் குடும்பத்தின் உரிமைகள் முடிவுக்கு வந்தன. உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தரானார்.

முடிவுரை

அண்ணாமலைச் செட்டியாரின் கொடை, தமிழாய்வுக்கும் தமிழிசைக்கும் அரசு அன்று அளித்திராத இடத்தை அளித்தது. அவரிடம் இருந்த அகன்ற நோக்கு அவருடைய பண்பு. பட்டியல் தரும் அதிகாரம் சட்டத்தின் கூறு. பண்பு மரபுரிமையாவதில்லை, அதிகாரம் மரபுரிமையாயிற்று. ஆதலின் ஒரு கொடையை மதிப்பிடுங்கால் கொடையாளரின் நல்லெண்ணத்தைக் காட்டிலும், அவர் இல்லாத காலத்திலும் செயற்படும் விதிகளையே முதலில் நோக்க வேண்டும். 2013இல் அதிகாரம் குடும்பத்திடமிருந்து அரசுக்கு மாறியதனாலேயே ஆய்வாளரின் தன்னாட்சி உறுதியாகிவிட்டது என்றும் கொள்ள இயலாது. ஆய்வுப்பொருளையும் முடிவையும் புலமையாளரே தீர்மானிக்கும் உரிமை, கொடுப்பவர் தனியாராயினும் அரசாயினும், தனியே சட்டத்தில் எழுதப்பட வேண்டியதாகும்.