மகாகனம் சீனிவாச சாஸ்திரியார்

தஞ்சை ஜில்லா வலங்கைமானில், 1869-ஆம் ஆண்டு, ஏழைப் புரோகிதர் ஒருவரின் இல்லத்தில் பிறந்த சாஸ்திரியாரை நம்மில் பலர் அவருடைய ஆங்கிலப் புலமைக்காகவே நினைவுகூர்கிறோம். அந்நாவன்மை எதற்குப் பயன்பட்டது என்பதை மறந்து விடுகிறோம்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராயிருந்த அவர், 1907-இல் கோகலே அவர்களின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1916-இல் இம்பீரியல் சட்டசபை புகுந்தார். 1918-இல் மிதவாதிகள் தனிக் கட்சி கண்டு முதல் மாநாடு கூட்டியது, நாம் மாஹிமிலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பணிக்குச் செல்லும் இதே மாநகரில்தான். அக்கட்சியின் தூண்களுள் ஒருவர் சாஸ்திரியார்.

1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதா வந்தது. விசாரணையின்றிச் சிறையிட வழிசெய்யும் அதனை, வைசிராயின் முன்னிலையிலேயே அவர் கடுமையாக எதிர்த்தார். காந்தியடிகள் அங்கிருந்து அப்பேச்சைக் கேட்டார். மார்ச்சு மாதம், தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர்கள் எதிர்த்தும், உத்தியோகஸ்தர்களின் வாக்குப் பலத்தால் மசோதா நிறைவேறியது. ஜின்னாவும் மாளவியாவும் பதவி துறந்தனர், சாஸ்திரியார் துறக்கவில்லை. அதுமட்டுமன்று, காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தையும் ஒப்பாது அறிக்கையில் கையெழுத்திட்டார்.

இதனை அச்சமென்று ஏசினோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. வைசிராய்க்கு அஞ்சாதவர் ஊராரின் ஏச்சுக்கும் அஞ்சவில்லை என்றே கொள்கிறோம். எனினும், அதிகாரிகளே பெரும்பான்மையாயிருந்த சபையில் வாதம் மட்டும் என்ன செய்யும் என்ற வினாவுக்கு அவரிடம் விடையில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1946 ஜனவரியில், சென்னையில் நோயுற்றிருந்த அவரைக் காந்தியடிகள் நேரில் சென்று கண்டார். ஏப்ரல் 17-இல் சாஸ்திரியார் காலமானார்.