ராடுக்குச் சட்டை போட்டவர்

வொர்க்‌ஷாப் லேப்ல வெல்டிங் ராடு மேல இருக்கிற பூச்சைக் கவனிச்சிருக்கீங்களா? அதுக்குக் காரணம் ஆஸ்கர் ஷெல்பெர்க்.

1870-ல் ஸ்வீடனில் பிறந்தவர். நீராவிக் கப்பல்கள்ல இன்ஜினியர். பாய்லர்ல ரிவெட் அடிச்ச இடமெல்லாம் ஒழுகும். வெறும் கம்பியால வெல்டிங் வெச்சா, காத்து பட்டு ஓட்டை ஓட்டையாகி உடைஞ்சிடும். இவர் கம்பியைத் தாதுப்பொடிக் கூழ்ல முக்கிக் காயவெச்சார். ஆர்க் சூட்டுல அந்தப் பூச்சு வாயுவாவும் ஸ்லாகாவும் மாறி, உருகின இரும்பை மூடிக் காப்பாத்துச்சு. 1904-ல் கோதன்பர்க்கில் ஈசாப் கம்பெனியைத் தொடங்கினார். நம்ம அம்பத்தூர்லகூட அதுக்கு ஃபேக்டரி உண்டு. 1931-ல் இறந்தார். பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சதும் அதே வருஷம்தான்!

ஆனா அந்தப் பூச்சு வெல்டைத்தான் காப்பாத்தும், உங்களை இல்ல. ஆர்க் பிடிக்காதப்பவும் ஹோல்டர்ல 60–80 வோல்ட் வரைக்கும் இருக்கும். தாம்பரம் வெயில்ல வேர்த்த உடம்புக்கு அதுவே ஆபத்து. கிரில் பட்டறையில ரிட்டர்ன் கிளாம்பையே 'எர்த்'னு சொல்வாங்க. மெஷின் பாடிக்குக் கொடுக்கிற எர்த் வேற; ரெண்டும் இருக்கான்னு பாருங்க. கிளாம்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டுங்க. ராடு மாத்தறப்போ காய்ஞ்ச கிளவுஸ் கையில இருக்கணும்.