உடலின் காவற்படையைக் கண்டறிந்த இலியா மெச்னிகோவ்

இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகருக்கு அருகே 1845-ஆம் ஆண்டு பிறந்தவர் இலியா மெச்னிகோவ். அவர் மருத்துவர் அல்லர். கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்த விலங்கியலாளர். ஆயினும் தொற்றுநோயின் கொடுமையை அவர் தம் இல்லத்திலேயே கண்டார். காசநோயால் நலிந்திருந்த அவரது முதல் மனைவி லுத்மிலா, திருமணத்துக்கே நாற்காலியில் தூக்கிவரப்பட்டார். 1873-இல் அவர் மறைந்தபோது மெச்னிகோவ் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். பின்னர் மணந்த ஓல்காவையும் டைபாய்டு காய்ச்சல் சாவின் விளிம்பு வரை கொண்டுசென்றது.

ஒடெசா பல்கலைக்கழகப் பதவியைத் துறந்த அவர், 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தங்கினார். ஒருநாள் குடும்பத்தார் சர்க்கஸ் காணச் சென்றிருக்க, அவர் தனியே நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் இளவுயிரியின் உடலில் நகர்ந்து திரியும் அணுக்களைக் கண்டவருக்கு, அவையே உடலைக் காக்கும் படையாக இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. தோட்டத்திலிருந்து முட்களைப் பறித்துவந்து அவ்வுயிரிகளின் உடலில் செருகினார். மறுநாள் விடியலில் பார்த்தபோது, அணுக்கள் திரண்டுவந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன.

அடுத்து, நீர்த்தெள்ளின் உடலில் புகும் பூஞ்சை வித்துக்களை அத்தகைய அணுக்கள் விழுங்கிச் செரிப்பதையும் கண்டார். அணுக்கள் வென்றால் உயிரி பிழைத்தது, தோற்றால் மடிந்தது. வெள்ளையணுக்கள் கிருமிகளை உடலெங்கும் பரப்புகின்றன என்று நோயியலாளர் பலர் நம்பிய காலம் அது. காவலரையே கள்வர் என்று கருதிய அந்தப் பிழையை அவரது ஆய்வு திருத்தியது. கிரேக்கச் சொற்களைக் கொண்டு விழுங்கணுக்களுக்கு 'பேகோசைட்' என்ற பெயர் அமைந்தது.

எதிர்ப்பு ஓயவில்லை. நோயை வெல்வது குருதிநீரிலுள்ள பொருள்களே என்று ஜெர்மானிய அறிஞர்கள் வாதிட்டனர். 1888-இல் லூயி பாஸ்டர் பாரிஸில் அவருக்கு ஆய்வுக்கூடம் அளித்தார். இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். எதிர்த்தரப்புக் கொள்கையை வளர்த்த பால் எர்லிக்குடன் 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரு தரப்பும் உண்மையின் ஒவ்வொரு பாதியைப் பற்றியிருந்தன. குருதியிலுள்ள எதிர்பொருள்கள் கிருமியின்மேல் ஒட்டிக்கொள்ளும்போது, விழுங்கணுக்கள் அதை எளிதில் பற்றி அழிக்கின்றன என்பது இன்று தெளிவு.

இந்தியாவுக்கும் அவரிடம் ஒரு கடன் உண்டு. 1890-களில் வங்கத்தில் காலராவுக்கும் பம்பாயில் பிளேக்குக்கும் தடுப்பூசி வழங்கிய வால்டெமார் ஹாஃப்கின், ஒடெசாவில் அவரிடம் பயின்றவர்.

முதுமைக்குக் காரணம் குடலில் வாழும் கிருமிகள் வெளியிடும் நச்சுகளே என்று பிற்காலத்தில் நம்பிய மெச்னிகோவ், நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். தயிரை அன்றாடம் உண்ணும் நம் நாட்டாருக்கு அது வியப்பளிக்காது. ஆனால் முள்ளாய்வு போல அக்கருத்து நிலைபெறவில்லை. 1916 ஜூலையில், 71-ஆம் வயதில் பாரிஸில் காலமானார். அவரது அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.