கடலோரத்தில் பாதை போட்டவர்

ஒவ்வொரு சந்திப்பு மலருக்கும் கட்டுரை தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் நழுவிவிடுவது என் வழக்கம். இந்த முறை மலர்க் குழுத் தம்பிகள் விடவில்லை. வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பழைய நினைவுகளை மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாகவே எழுதுவார்கள். அதனால் என் வேலைக்காலம் முழுக்க மனசுக்குள்ளே ஒரு வாத்தியார் மாதிரி இருந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் இறந்து 160 ஆண்டுகளுக்கும் மேலாகிறது. நெய்வேலியைப் பார்த்ததும் இல்லை. ஆனாலும் மண் சரிவதைப் பார்த்துப் பழகிய நம்ம ஊர்க்காரர்களுக்கு அவர் கதை நெருக்கமாகவே இருக்கும்.

இசம்பார்ட் கிங்டம் புருனேல், 1806 ஏப்ரல் 9 அன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் பிறந்தார். தந்தை மார்க் புருனேல், பிரான்சிலிருந்து வந்து குடியேறிய பொறியாளர். அம்மா சோபியா கிங்டம். அவருடைய குடும்பப் பெயர்தான் மகன் பெயரின் நடுவில் நிற்கிறது. தந்தை பெரிய அறிவாளி. பணத்தைக் கையாளத்தான் தெரியாது. 1821-ல் கடனுக்காகச் சில மாதம் சிறையிலும் இருந்தார். அந்த வயசுப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப் பாதை தோண்டும் வேலையை மார்க் 1825-ல் ஆரம்பித்தார். கப்பல் போகிற ஆற்றுக்கு அடியில் அதுவரை யாரும் அப்படித் தோண்டி முடித்ததில்லை. இருபது வயது மகன்தான் அங்கே இரவு பகலாக நின்று வேலை பார்த்தவர். 1828 ஜனவரியில் ஆற்று நீர் உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். புருனேல் மயிரிழையில் பிழைத்தார். பின்னர் உடம்பு தேற பிரிஸ்டல் அருகே கிளிஃப்டனில் தங்கியிருந்தபோதுதான், அங்கே பள்ளத்தாக்கின் மேல் தொங்கு பாலம் கட்டுவதற்கான போட்டி வந்தது. படுக்கையில் கிடந்த வாலிபனுக்கு அடுத்த வேலை அப்படி அமைந்தது.

1833-ல், 27 வயது நிரம்புவதற்குள், லண்டன் – பிரிஸ்டல் ரயில் பாதைக்குத் தலைமைப் பொறியாளர் ஆனார். தண்டவாளங்களுக்கு இடையே ஏழு அடி அகலம் வைத்தார். கடலூர் – விருத்தாசலம் மீட்டர் கேஜில் ஆடி ஆடிப் போன நமக்கு, அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான அகலம் என்றால் புரியும். 1841-ல் பாதை முழுவதும் திறந்தது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள பாக்ஸ் குகைப் பாதையைத் தோண்டியதில் பல தொழிலாளிகள் உயிரை விட்டார்கள். புருனேலைப் புகழும்போது அவர்களையும் நினைக்கணும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். பாதையை இன்னும் தெற்கே, எக்ஸிட்டரிலிருந்து பிளிமத் வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. உள்நாட்டில் மேடும் பள்ளமுமாகக் குன்றுகள். கடலோரம் போனால் ஏற்றம் இல்லை. புருனேல் கடலோரத்தைத் தேர்ந்தெடுத்தார். டாலிஷ், டின்மத் என்ற இரு சிற்றூர்களுக்கு இடையே ஒரு பக்கம் செங்குத்தான செம்மண் பாறை, மறு பக்கம் கடல். பாறையின் அடிவாரத்தை வெட்டி, கடல் பக்கம் கற்சுவர் எழுப்பி, ஐந்து குகைகள் குடைந்து, பாதை போட்டார். 1846 மே 30 அன்று டின்மத் வரை ரயில் ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குக் கடலுக்கு மேலேயே போகிற மாதிரி இருக்கும்.

அழகு ஒரு பக்கம், ஆபத்து இரண்டு பக்கம். கடல் முன்னாலிருந்து சுவரை மோதியது. மலை பின்னாலிருந்து மண்ணைச் சரித்தது. புருனேல் உயிரோடு இருந்த 1850-களிலேயே பாறைச் சரிவு ஒரு முறை பாதையை மூடியது. 1855-ல் புயல் அலை சுவரை உடைத்தது. இரண்டையும் செப்பனிட்டுத்தான் ரயிலை ஓட்டினார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? மாணவத் தம்பி தங்கைகளுக்காக நாலு வரி. மணற்பாறையில் மழைநீர் இறங்கினால் துகள்களுக்கு இடையே நீரின் அழுத்தம் ஏறும். துகளும் துகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் உராய்வு குறையும். கனமும் கூடும். அடிவாரமும் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தால் ஒரு நாள் சடாரென்று விழும். கடல் பக்கம் வேறு கதை. நேர்ச்சுவரில் மோதும் அலை கீழே திரும்பி, சுவருக்கு முன்னால் உள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். மணல் தாழ்ந்தால் அஸ்திவாரம் வெளியே தெரியும். அப்புறம் எவ்வளவு நல்ல கட்டுமானமும் தாங்காது. அதாவது சுவரைக் காப்பாற்றுவது கல் மட்டுமல்ல, அதன் முன்னால் கிடக்கும் மணலும்தான்.

நம்ம சுரங்கத்தை விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடப்பதும் கடலூர் மணற்பாறை என்கிற செம்பாறைதான். நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தளம் மேலே பொங்காமல் இருக்கும். சரிவைப் படிப்படியாக வெட்டுவதும், மழைநீருக்கு வாய்க்கால் எடுப்பதும் டெவன் கடற்கரைக்கும் நெய்வேலிக்கும் பொதுவான பாடம்.

புருனேல் அந்தக் கடலோரப் பாதையில் இன்னொரு துணிச்சலும் செய்தார். இன்ஜின் இல்லாத ரயில்! தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு இரும்புக் குழாய். சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையத்தில் பம்பு வைத்துக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பின்னாலிருந்து காற்று மண்டலமே தள்ளும். அதோடு இணைந்த ரயிலும் ஓடும். புகை இல்லை, சத்தம் இல்லை. மணிக்கு 100 கி.மீ.க்கு மேலும் ஓடியது. ஆனால் குழாயின் மேல் பிளவை மூடும் தோல் பட்டை கெட்டுப்போய்க் காற்று கசிந்தது. 1847 செப்டம்பரில் பயணிகளுக்கு ஆரம்பித்தது, 1848 செப்டம்பரில் நின்றே போயிடுச்சு. சுமார் நாலு லட்சம் பவுண்டு நஷ்டம். ஸ்டீபன்சன் போன்றவர்கள் இது உதவாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள்.

நான் அவரை வாத்தியாராக ஏற்றுக்கொண்டது இந்த இடத்தில்தான். தோல் பட்டையை மாற்றிப் பார்க்கலாம், இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று இழுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தன் பெயரால் வந்த திட்டத்தைக் கைவிடலாம் என்று நிர்வாகத்துக்கு அவரே அறிக்கை கொடுத்தார். பாதை முடியும்வரை பெயருக்கு ஒரு சிறு தொகை தவிரச் சம்பளமும் வாங்கிக்கொள்ளவில்லை.

இதில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. கல்லூரியை விட்டுப் போய், வெளிமாநிலத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்தேன். மழைநீர் வடிய ஒரு வாய்க்காலுக்கு நான்தான் வரைபடம் போட்டேன். பெரிய மேதாவி என்று நினைப்பு. அடை மழையில் ஒரு வயசான தொழிலாளி என்னைக் கூட்டிக்கொண்டு போய், சரிவின் மேல் விளிம்பில் ஒரு வெடிப்பைக் காட்டினார். விரல் நுழையும் அகலம்தான். என் வாய்க்காலில் தேங்கிய தண்ணீர் அந்த வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. என் தப்பு என்று எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று ராத்திரி தூக்கமில்லை. கீழே இரவு ஷிப்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. நடுராத்திரியில் எழுந்து போய், ஆட்களை நகர்த்தச் சொல்லி, என் பிழை என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அந்தச் சரிவு இறங்கியது. கீழே யாரும் இல்லை. மேலதிகாரி திட்டினார்தான், வேலை போகவில்லை. அந்தப் பெரியவர் மட்டும் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டிலும் கடலோர ரயில் பாதைக்கு ஒரு பெரிய துயரம் உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயிலைப் புயல் அலை அப்படியே வாரிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1914-ல் திறந்த பாம்பன் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்களும் அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் குழுவினர் 46 நாளில் அதைச் சீர்செய்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்தும் சிக்னல் ஏற்பாடு வந்தது. ஆனால் தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மறுபடி போடவே இல்லை. எதைத் திரும்பக் கட்டுவது, எங்கே பின்வாங்குவது என்பதும் பொறியாளரின் முடிவுதான். 2025 ஏப்ரலில் பழைய பாலத்தின் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது.

புருனேலின் டாலிஷ் பாதைக்கும் அந்தக் கேள்வி வந்தது. 1930-களில் உள்நாட்டு வழியாக மாற்றுப் பாதை போடச் சட்டப்படி அனுமதி வாங்கினார்கள். உலகப் போர் வந்து நின்றுபோனது. 2014 பிப்ரவரியில் ஒரு ராத்திரிப் புயல் சுவரை உடைத்து, தண்டவாளம் தொங்குகிற ஏணி மாதிரி அந்தரத்தில் நின்றது. டின்மத் பக்கம் மலைச் சரிவும் சேர்ந்துகொண்டது. கப்பல் கன்டெய்னர்களில் கல்லை நிரப்பி அலைக்குத் தடுப்பாக வைத்து வேலை பார்த்து, இரண்டு மாதத்தில் ஏப்ரல் 4-ல் ரயிலை விட்டார்கள். அப்புறம் இன்னும் உயரமாக, அலையைக் கடலுக்கே திருப்பி வீசும் வளைந்த உச்சியோடு புதுச் சுவர் கட்டி 2023-ல் முடித்தார்கள். பாறை விழும் இடத்தில் தண்டவாளத்துக்கு மேல் கூரையும் போட்டார்கள். புருனேல் போட்ட வழியில் இன்றும் ரயில் ஓடுகிறது. பலமுறை உடைந்தும், ஒவ்வொரு தலைமுறையும் பராமரித்ததால் ஓடுகிறது.

புருனேலின் கடைசி நாட்கள் கடினமானவை. மூன்று பெரிய கப்பல்கள் கட்டினார். கடைசிக் கப்பலான கிரேட் ஈஸ்டர்ன் அவர் உடம்பையே தின்றுவிட்டது. 1859 மே மாதம் சால்டாஷ் பாலம் திறந்தபோது விழாவுக்கு வர முடியவில்லை. பிறகு ஒரு திறந்த வண்டியில் படுத்தபடி அந்தப் பாலத்தைக் கடந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, 53 வயதில் காலமானார். அவர் கனவு கண்ட கிளிஃப்டன் பாலம் 1864-ல்தான் முடிந்தது. பயணிகளுக்கு லாபம் தராத அந்தக் கப்பல் 1870-ல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டது. நம்ம நாட்டுக்கு அவர் மறைமுகமாகச் செய்த உதவி என்று அதைச் சொல்லலாம்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். புருனேல் கட்டியவற்றைப் படியுங்கள். அதைவிட முக்கியமாக, அவர் கைவிட்டதையும் படியுங்கள். நாளைக்கு நீங்கள் போடும் வரைபடத்துக்குக் கீழே யாரோ இரவு ஷிப்டில் நின்றுகொண்டிருப்பார்கள். வெடிப்பு விரல் அகலத்தில் இருக்கும்போதே சொல்லிவிடணும். சொல்வதால் வரும் அவமானம் ஒரு வாரத்தில் போய்விடும்.

பழைய நண்பர்களே, சந்திப்பு நாளன்று கேன்டீன் பக்கம் வாருங்கள். இந்த முறை டீ நான் வாங்கித் தருகிறேன்.