3 பவுண்டு ஃபீஸ், 3 வாரம், 6 கிளாஸ்... லண்டனில் டான்ஸ் கற்கப் போன காந்தி பாதியில் விட்டது ஏன்?

கல்யாண வீட்டில் எல்லோரும் ஆடும்போது, மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆளா நீங்கள்? யாராவது கையைப் பிடித்து இழுத்தால் வியர்த்துக் கொட்டுமா? கவலைப்படாதீங்க. இதே நிலைமையில் 135 வருஷத்துக்கு முன்னாடி லண்டனில் ஒருத்தர் நின்றார். அவர் பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

ஆமாம், மகாத்மா காந்தி பால்ரூம் டான்ஸ் கிளாஸில் சேர்ந்தார். காசு கட்டினார், ஆடிப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. ஏன் சேர்ந்தார், ஏன் விட்டார்? விரிவாகப் பார்க்கலாம்.

கூச்சமே பெரிய பிரச்னை

1869 அக்டோபர் 2-ம் தேதி போர்பந்தரில் பிறந்த காந்தி, பள்ளிக்கூடம் விட்டதும் யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாது என்று வீட்டுக்கு ஓடும் பையனாக இருந்தவர். 1888 செப்டம்பர் 4-ம் தேதி, சட்டம் படிக்க பம்பாயில் கப்பல் ஏறினார். கடல் கடந்து போகக் கூடாது என்று தடுத்த சாதிப் பெரியவர்கள் அவரைத் தள்ளி வைத்தார்கள். அம்மா புத்லிபாயிடமோ மது, மாது, மாமிசம் மூன்றையும் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார்.

கப்பலிலேயே பிரச்னை ஆரம்பித்தது. இங்கிலீஷில் பேசத் தயக்கம். கத்தி, முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எதில் மாமிசம் இருக்கிறது என்று கேட்கவும் கூச்சம். அதனால் பெரும்பாலும் கேபினிலேயே உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரங்களைச் சாப்பிட்டார்.

லண்டன் போய் இறங்கிய முதல் நாள் பார்க்க வந்தவர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா. அவருடைய பட்டுத் தொப்பியை எடுத்த காந்தி, அதை எதிர்ப்பக்கமாகத் தடவிவிட்டார். தொப்பியின் மென்முடி கலைந்துபோனது. மேத்தாவுக்குக் கோபம். அடுத்தவர் பொருளைத் தொடக் கூடாது என்பதில் ஆரம்பித்து, அந்த ஊர்ப் பழக்கவழக்கங்களை அன்றைக்கே அவர் சொல்லிக் கொடுத்தார்.

ஹோட்டலில் நடந்தது என்ன?

காந்தி மாமிசம் சாப்பிடாததைப் பார்த்து ஒரு நண்பருக்குக் கவலை. உடம்பு கெட்டுவிடும், இந்த ஊரோடு ஒட்டாமலே போய்விடுவார் என்று நினைத்த அவர், ஒருநாள் நாடகத்துக்குக் கூப்பிட்டார். அதற்கு முன்னால் ஹோல்பார்ன் ரெஸ்டாரன்ட் என்ற பெரிய ஹோட்டலில் டின்னர்.

முதலில் சூப் வந்தது. அதில் மாமிசம் இருக்கிறதா என்று கேட்க காந்தி சர்வரைக் கூப்பிட்டார். நண்பருக்கு வந்ததே கோபம். நாகரிகமான இடத்தில் நடந்துகொள்ளத் தெரியாவிட்டால் வெளியே போய் எங்கேயாவது சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும்படி சொல்லிவிட்டார். காந்தி எழுந்து வெளியே போனார். பக்கத்தில் இருந்த சைவ உணவகம் மூடியிருந்தது. அன்று ராத்திரி பட்டினியோடுதான் நாடகம் பார்த்தார்.

நண்பர் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. சத்தியத்தை மீற முடியாது, ஆனால் நண்பரின் மனக்குறையைத் தீர்க்க வேண்டும். சாப்பாட்டில் விட்டதை நடை உடை பாவனையில் பிடித்துவிடலாம் என்று முடிவு செய்தார். அசல் இங்கிலீஷ் ஜென்டில்மேன் ஆவது என்று இறங்கினார்.

ஜென்டில்மேன் ஆக எவ்வளவு செலவு?

* பாண்ட் ஸ்ட்ரீட்டில் தைத்த ஈவ்னிங் சூட்: 10 பவுண்டு
* உயரமான தொப்பி: 19 ஷில்லிங்
* டான்ஸ் கிளாஸ், ஒரு டேர்ம் ஃபீஸ்: 3 பவுண்டு
* வயலின்: 3 பவுண்டு
* மேடைப்பேச்சுப் பயிற்சிக்கு முன்பணம்: 1 கினி, அதாவது 1 பவுண்டு 1 ஷில்லிங்

அப்போது 20 ஷில்லிங் சேர்ந்தால் 1 பவுண்டு. கூட்டிப் பார்த்தால் சரியாக 18 பவுண்டு. வயலின் டீச்சர் ஃபீஸ் இதில் சேராது. போதாததற்கு, படிப்புக்குப் பணம் அனுப்பிய அண்ணன் லட்சுமிதாஸிடம் சொல்லி தங்கத்தில் இரட்டைச் சங்கிலி போட்ட வாட்ச் செயினும் வாங்கிக்கொண்டார்.

ஊரில் நாவிதர் சவரம் செய்ய வரும் நாளில்தான் கண்ணாடி பார்ப்பார். லண்டனில் தினமும் 10 நிமிஷம் பெரிய கண்ணாடி முன்னால் நின்று டை கட்டினார், படியாத முடியோடு மல்லுக்கட்டினார்.

டான்ஸ் கிளாஸில் என்ன ஆச்சு?

அந்தக் காலத்து லண்டன் பார்ட்டிகளில் வால்ட்ஸ், போல்கா, குவாட்ரில் போன்ற ஜோடி நடனங்கள் பிரபலம். ஆடத் தெரிவது மரியாதைப்பட்டவர்களின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது.

இந்த நடனங்களுக்கு அடிப்படை எண்ணிக்கைதான். உதாரணமாக வால்ட்ஸில் ஒன்று-இரண்டு-மூன்று என்று மூன்று தட்டு. முதல் தட்டு அழுத்தமாக விழும், அடுத்த இரண்டும் லேசாக. அந்த அழுத்தத்தைக் காது பிடித்தால்தான் கால் சரியான நேரத்தில் நகரும். கூடவே எதிரில் இருப்பவரின் காலை மிதிக்காமல், பக்கத்து ஜோடியை இடிக்காமல் சுற்ற வேண்டும். புதுசாகச் சேரும் யாருக்குமே முதல் சில கிளாஸ் நரகம்தான்.

காந்திக்கு அந்த முதல் படியே தடுக்கியது. பியானோ வாசிப்பதைக் கேட்டு, அதோடு சேர்ந்து காலெடுத்து வைக்க முடியவில்லை. மேற்கத்திய இசை அவர் காதுக்குப் பழக்கமே இல்லை. 3 வாரத்தில் சுமார் 6 கிளாஸ் போனார். தாளம் வசப்படவே இல்லை.

சந்நியாசி வளர்த்த பூனை

இங்கேதான் திருப்பம். ஆட வரவில்லை என்றதும் அவர் நிறுத்தவில்லை. காது பழகவில்லை என்பதுதானே சிக்கல், வயலின் கற்றால் காது பழகிவிடும் என்று வயலின் வாங்கினார். பிறகு மேடைப்பேச்சுக்கும் ஒரு ஆசிரியர்.

எலிக்காகப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிய சந்நியாசி கதை நமக்குத் தெரியும். தன் நிலைமையும் அதேதான் என்று காந்தியே பின்னாளில் சுயசரிதையில் ஒப்புக்கொண்டார்.

அவரை விழிக்க வைத்தது ஒரு பாடப்புத்தகம். மேடைப்பேச்சு பற்றி பெல் சகோதரர்கள் எழுதியது. அதில் ஒருவர் டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லின் அப்பா. அதைப் படிக்கத் தொடங்கிய காந்திக்குக் கேள்விகள் வந்தன. வாழ்நாள் முழுக்க இங்கிலாந்திலா இருக்கப் போகிறோம்? டான்ஸ் ஆடினால் ஒருவர் நல்ல மனிதராகிவிடுவாரா? வயலினை இந்தியாவிலேயே கற்கலாமே? வந்தது படிக்கத்தானே?

பேச்சு ஆசிரியருக்கும் டான்ஸ் டீச்சருக்கும் லெட்டர் போட்டு நின்றுகொண்டார். வயலின் டீச்சரை நேரில் பார்த்து, வந்த விலைக்கு வயலினை விற்றுத் தரச் சொன்னார். அவர் காந்தியின் முடிவை ஆதரித்து உற்சாகப்படுத்தினார். மொத்தத்தில் இந்த மோகம் நீடித்தது சுமார் 3 மாதம். நன்றாக உடுத்தும் பழக்கம் மட்டும் பல வருஷம் தொடர்ந்தது.

அப்புறம் என்ன ஆனார்?

ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார். வாடகையைக் குறைத்து ஒரே அறைக்கு மாறினார். பஸ்ஸுக்குப் பதில் நடந்தார். ஓட்ஸ் கஞ்சி, கோகோ என்று தானே செய்துகொண்டு, ஒரு நாளை 1 ஷில்லிங் 3 பென்ஸில் ஓட்டினார். அந்தக் கணக்குப்படி, மேலே சொன்ன 18 பவுண்டில் 288 நாள் சாப்பிட்டிருக்கலாம்!

ஆனால் கூச்சம் போனதா? இல்லை. 1891 ஜூனில் பாரிஸ்டர் ஆகி ஊர் திரும்பும் முன் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். எங்கே தெரியுமா? சூப்புக்காக வெளியே அனுப்பப்பட்ட அதே ஹோல்பார்ன் ரெஸ்டாரன்டில். மேனேஜரிடம் பேசி முழுக்க சைவச் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் பேச எழுந்ததும் தயார் செய்தது மறந்துபோய், வந்தவர்களுக்கு நன்றி மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். பம்பாயில் முதல் வழக்கிலும் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, ஃபீஸைத் திருப்பிக் கொடுத்தார்.

1893-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், இந்திய வியாபாரிகள் முன்னால்தான் அவர் முதல் முறையாகத் தடுமாறாமல் பேசினார். வியாபாரத்தில் உண்மை பற்றிய பேச்சு அது. சொல்ல வேண்டிய விஷயம் அவரிடம் இருந்தது, வாயும் திறந்தது. கூச்சத்தால் தனக்கு லாபமே என்று பின்னாளில் அவர் கருதினார். வார்த்தையை அளந்து பேச அதுதான் பழக்கியதாம்.

10 பவுண்டு சூட் போட்ட அந்த இளைஞர், 1921 செப்டம்பரில் நம்ம மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931-ல் லண்டன் போனபோது பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே கோலத்தில்தான் போனார். இந்த முறை கண்ணாடி முன்னால் 10 நிமிஷம் தேவைப்படவில்லை.